சாவிக்கொத்து வலிப்பை நிறுத்துவதில்லை

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்திலிருந்து முதலில் எழும் குரல் "இரும்பு குடுங்க, இரும்பு!" என்பதுதான். சாவிக்கொத்தோ பூட்டோ எது கிடைத்தாலும், இறுகிய விரல்களைப் பலவந்தமாகப் பிரித்துத் திணிக்கிறார்கள். சற்று நேரத்தில் வலிப்பு நிற்கிறது. இரும்புதான் நிறுத்தியது என்று நம்பிக் கலைகிறார்கள். படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள், நம் திரைப்படங்களும் சலிக்காமல் காட்டுகின்றன. இது பொய். தீங்கில்லாத பொய்யும் அல்ல.

வலிப்பு கையில் பிறப்பதில்லை. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. சோடியம், பொட்டாசியம் அயனிகள் அவற்றின் சவ்வைக் கடக்கும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்மாற்றம்தான் நரம்புச் செய்தி. வலிப்பின்போது பெருந்திரளான நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் கட்டுமீறி இந்த மின்னதிர்வை எழுப்புகின்றன. தசைகளை ஆளும் மூளைப்பகுதிக்கு அது பரவியதும் கை இறுகுகிறது, கால் உதறுகிறது. "உடம்பில் ஓடும் கரண்டை இரும்பு இழுத்துக்கொள்ளும்" என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அந்த மின்மாற்றம் நுண்ணிய சவ்வின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே நடப்பது. உள்ளங்கைத் தோலில் பட்ட உலோகத்துக்குள் அது இறங்கிப்போக வழியே இல்லை. இரும்பின் குளிர்ச்சியாவது உறைக்குமா? தொட்டதை உணர, செய்தி கை நரம்பிலிருந்து முதுகுத்தண்டு, தலாமஸ் வழியாக மூளைப் புறணியை எட்டவேண்டும். நினைவிழந்து கிடப்பவருக்கு நிலைகுலைந்திருப்பதே அந்தப் புறணிதான்.

பிறகு எப்படி நிற்கிறது? தானாகவே. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிடங்களில் அடங்கிவிடும். யாரோ ஓடிப்போய்ச் சாவி கொண்டுவரவும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது. மரக்கட்டையை வைத்திருந்தாலும் நின்றிருக்கும், ஒன்றும் வைக்காவிட்டாலும் நின்றிருக்கும்.

அந்த நிமிடங்களில் செய்யவேண்டியவை வேறு. சுற்றிலும் உள்ள கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, எச்சில் வெளியே வழியும்படி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டி திணித்தால் பல் உடையும், தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்: 5 நிமிடம் தாண்டினால் அது உயிருக்கு ஆபத்து, 108 ஆம்புலன்ஸை அழைத்தாக வேண்டும். இரும்பு தேடி ஓடும் கூட்டத்தில் கடிகாரம் பார்க்க யாரும் இருப்பதில்லை.

இன்னும் பெரிய கேடு வீட்டில் நடக்கிறது. இரும்பில் நின்றுவிட்டது என்று நம்பும் குடும்பம் மருத்துவரைத் தேடுவதில்லை. தலையணைக்கடியில் இரும்புத் துண்டு ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியடைகிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் சொல்கிறது. 1912 முதல் புழக்கத்தில் உள்ள வலிப்பு மருந்து ஃபீனோபார்பிட்டால் இன்றும் மலிவான மாத்திரை. நோயை மறைக்கச் சட்டத்திலும் காரணமில்லை: இந்து திருமணச் சட்டம்கூட 1999இல் வலிப்பைத் திருமணத் தடைகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் இன்னும், பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாத்திரையை ஒளித்துவைத்துப் பிறகு நிறுத்தியும் விடுகிறார்கள். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால், முன்பைவிடக் கடுமையான வலிப்பு வரலாம்.