தீப்பெட்டியை நீட்டியது யார்?

திருமலைக்குப் போகிற வண்டிகளை அலிபிரியில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். மதுவையும் மாமிசத்தையும் போலவே பீடி, சிகரெட்டும் மலைக்கு மேலே போகக் கூடாது. நல்ல ஏற்பாடுதான், வரவேற்கிறோம். ஆனால் மலைக்குக் கீழே நடப்பது என்ன? ரயில் நிலையத்துக்கு வெளியே, பேருந்து நிலையத்தைச் சுற்றி, விடுதிகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில், மீசை அரும்பாத பையன் சிகரெட்டும் கையுமாக நிற்கிறான். சித்தூரிலும் இதே காட்சிதான். "காலம் கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். இந்தப் பழக்கம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

2019இல் 13 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு வகையில் புகையிலையைத் தொடுகிறார்கள் என்று தெரிந்தது. சிகரெட்டை ருசி பார்த்தவர்களில் 100க்கு 38 பேரும், பீடியை ருசி பார்த்தவர்களில் 100க்கு 47 பேரும் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியவர்கள்! இது பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகளின் கணக்கு. படிப்பை நிறுத்திவிட்டு வேலை தேடித் திருப்பதிக்கு வந்த நம் பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை.

அவர்கள் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடுதியிலும் ஓட்டலிலும் பன்னிரண்டு மணி நேர வேலை. சும்மா உட்கார்ந்தால் ஏச்சு விழும். பீடி பிடிக்கப் போனால் மட்டும் மேஸ்திரி ஐந்து நிமிடம் விடுகிறார். ஓய்வு வேண்டுமானால் பீடி பிடிக்க வேண்டும் என்று பையன் கற்றுக்கொள்கிறான். இரவில் பசி தெரியாமல் இருக்கவும் அதுவே உதவுகிறது. ஊர் புதிது, தெலுங்கு வாயில் நுழையவில்லை. ஆனால் "அக்கிப்பெட்டெ உந்தா?" என்று தீப்பெட்டி கேட்கத் தெரிந்தால் போதும், கூட நிற்க நாலு பேர் கிடைத்துவிடுகிறார்கள்.

நம் தலைமுறைக்கு வேறு விதத்தில் வலை விரித்தார்கள். 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்கே சிகரெட்டின் பெயர் - வில்ஸ் கோப்பை. நம் ஆட்டக்காரர்களின் சட்டையிலும் அந்தப் பெயர்தான். திரையில் ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். திருப்பதித் தியேட்டரில் விசில் அடித்தோம், வெளியே வந்து நாமும் போட்டுப் பார்த்தோம். 2002இல் 'பாபா' வந்தபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பிய பிறகே இதைப் பற்றி நாடு பேசியது.

இந்த வயதில் தொடங்குவதால் என்ன கெடுதி? நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயது இது. புகை அந்த வளர்ச்சியைக் குறைக்கிறது. மூளையோ இருபத்தைந்து வயது வாக்கில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. இழுத்த சில நொடிகளில் நிகோடின் அங்கே போய்ச் சேர்ந்து, அது இல்லாமல் இருக்க முடியாதபடி பழக்கிவிடுகிறது. இளமையில் தொடங்கியவர்களுக்குப் பின்னால் விடுவது மிகவும் கடினம். விடாமல் புகைப்பவர்களில் பாதிப் பேர் வரை அதனாலேயே சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீடி சின்னதுதானே என்று எண்ண வேண்டாம். அது அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். நஞ்சும் அதற்கேற்ப உள்ளே போகிறது.

நம் சங்கத்தின் மூத்த தோழர் ஒருவர், வாயிற்கூட்டத்தில் ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் அவருக்கு. தொண்டைப் புற்று அந்தக் குரலை முதலில் எடுத்துக்கொண்டது, பிறகு அவரையும். கடைசி நாட்களில் தாளில் எழுதித்தான் பேசினார். எப்போது ஆரம்பித்தீர்கள் என்று கேட்டோம். "பதினோரு வயசு. மாமாவுக்கு அடுப்பில் பீடி பற்றவைத்துக் கொடுப்பேன்" என்று எழுதிக் காட்டினார்.

அந்தத் தாளைப் படித்தபோது நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சுவரொட்டி ஒட்ட வந்த பிள்ளைகளுக்கு நள்ளிரவில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தோம். கூடவே சிகரெட்டும் கொடுத்தோம். அவர்களில் சிலருக்கு அதுதான் முதல் சிகரெட். முதலாளி கெடுத்தான், சினிமா கெடுத்தது என்று மேடையில் பேசிய நாமே தீப்பெட்டியையும் நீட்டினோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பனையே கூடாது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை! ஆனால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிள்ளைக்குப் புகையிலை கொடுப்பவருக்கே ஏழாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. விற்பவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. சுவரொட்டி இரவுகளை எண்ணினால் நாமும் தப்ப மாட்டோம்.

பெட்டியின் மேல் 85 சதவீத இடத்தில் படத்தோடு எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். நம் பையன் பெட்டியை எங்கே பார்க்கிறான்? ஒற்றைச் சிகரெட்டாக அல்லவா வாங்குகிறான்! அரசாங்கத்தின் யோக்கியதையும் நமக்குத் தெரியும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் சிகரெட் கம்பெனிப் பங்குகளில் இருக்கிறது. ஆயுளைக் காக்கிற லட்சணம் இது!

புகையிலை நின்றால் வேலூரிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றும் பெண்கள் என்ன ஆவார்கள் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு மாற்று வேலை கேட்டுப் போராட வேண்டியது நம் கடமை. அந்தத் தாய்மார்களே தங்கள் பிள்ளை ஊதுவதை விரும்புவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

1999இல் ரயில் நிலையங்களில் பீடி, சிகரெட் விற்பனையை நிறுத்தியபோது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிரித்தவர்கள் உண்டு. நடந்தது. ரயில்வேயில் இருக்கிற நாம் அதைத் தினமும் பார்க்கிறோம்.

ஆகவே மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். சங்கக் கட்டடத்திலும் கூட்டங்களிலும் இனி யாரும் புகைக்கக் கூடாது, தலைவர்கள் உட்பட. பையன்களைப் பீடி வாங்க அனுப்பக் கூடாது. விடுதி, ஓட்டல் தொழிலாளிகளுக்குப் பீடி பிடிக்காவிட்டாலும் ஓய்வு நேரம் உண்டு என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி இருக்கிறது. அந்த எண்ணைச் சங்கப் பலகையில் எழுதி வைப்போம்.

பையனுக்குப் புத்தி சொல்லப் போகும் முன், தோழர்களே, நம் கையில் இருப்பதை அணைப்போம்.