அமர்ந்த பறவையை எழுப்பாதீர்!



குளிர்காலத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரைக்குக் குடும்பத்தோடு செல்வோர் பலர். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட வேளையில் அங்குள்ள உப்பங்கழியில் பூநாரைக் கூட்டம் மேய்வதைக் காண்பது கண்ணுக்கு விருந்தாகும். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தில், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் (1896-1987) வழிகாட்டுதலில் வலசைப் பறவைகளுக்குக் கால்வளையமிட்டு ஆய்வுகள் நடைபெற்றன.

கேமரா வைத்திருப்போர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். மாலைச் சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருந்தால் சிறகின் இளஞ்சிவப்பு துலங்கும். பறவைக்குப் பின்னால் இருந்தால் கரிய நிழலுருவமே பதியும். பறக்கும் சிறகு கலங்காமல் பதிய, ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருத்தல் நலம்.

ஆனால், கூட்டம் ஒருசேர எழும் காட்சிக்காகச் சிலர் கைதட்டுகின்றனர், கல்லும் எறிகின்றனர். அதனால் விளையும் தீங்கைச் சிந்தித்தீர்களா? பூநாரை நின்ற இடத்திலிருந்தே எழும்புவதில்லை. நீரின்மேல் சிறிது தூரம் ஓடித்தான் வானேறும். அஞ்சி எழும் ஒவ்வொரு முறையும் மேய்ச்சல் தடைபடுகிறது. நெடும்பயணத்துக்கென உடலில் சேர்த்த வலுவும் வீணாகிறது. நம் ஒரு படத்துக்கு அந்த வாயில்லா உயிர் விலை கொடுக்கிறது.

ஆகவே, தொலைவில் அசையாது காத்திருங்கள். அவை தாமே எழுந்தால் படம் எடுங்கள். எழாவிடில் கண்ணாரக் கண்டு திரும்புங்கள். பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுக்கும் பெற்றோரே, கல்லைக் கீழே போடவும் கற்றுக்கொடுங்கள்.