பதவியின் விலை

வரும் பதவியை ஏற்பதா, இருக்கும் இடத்திலேயே நிற்பதா? புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் தலைமுறை தலைமுறையாக எழும் வினா இது. சட்டக்கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞர் சம்பளம், ஓய்வூதியம், அந்தஸ்து என்னும் மூன்றையும் தராசில் இட்டு விடை காண முயல்வர். சமுதாயப் பற்றுடையோர் நான்காவதாக ஒன்றையும் இடுவர்: "உள்ளே சென்றால் நம்மவர்க்கு நன்மை செய்யலாம்." முதல் மூன்றும் தன்னலம் என்பதை யாவரும் அறிவர். நான்காவதோ அறத்தின் உடை அணிந்து வருவது, ஆகவே ஆராய்தற்குரியது.

இதற்கு ஏற்ற சான்று 1948ஆம் ஆண்டு. ஜீ. ஜீ. பொன்னம்பலம், சா. ஜே. வே. செல்வநாயகம் ஆகிய இருவரும் புதுக்கடையில் புகழ்பெற்ற வழக்கறிஞர். முன்னவர் குற்றவியலிலும் பின்னவர் குடியியலிலும் வல்லவர். தமிழ்க் காங்கிரஸின் சார்பில் இருவரும் பாராளுமன்றம் சென்றனர். மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய பிரசாவுரிமைச் சட்டம் ஆகஸ்டில் வந்தபோது இருவரும் அதனை எதிர்த்தனர். அடுத்த மாதமே பொன்னம்பலம் டீ. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் கைத்தொழில் அமைச்சரானார். டிசம்பரில் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் மசோதா வந்தது. அமைச்சர் ஆதரித்தார், செல்வநாயகம் எதிர்த்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது.

பதவியை ஏற்றவர் வெறுங்கையுடன் நின்றார் எனல் நேர்மையன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகியன அவர் முயற்சியின் பெயரைச் சுமந்தன. எதிர்க்கட்சி வரிசையில் இருந்து ஒரு செங்கல்லும் வைத்திருக்க முடியாது என்பதும் உண்மையே. வெளியே நின்றோராலும் அச்சட்டங்களைத் தடுக்க இயலவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரேனும் பாராளுமன்றம் புகவில்லை.

அவ்வாறாயின் பதவியை ஏற்றதில் இழப்பென்ன? ஆகஸ்டுச் சட்டம் காங்கிரஸின் வாக்கின்றியே நிறைவேறியது என்பதை நினைவிற் கொள்க. அரசுக்கு அவரது வாக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அவரது சம்மதத்தின் தோற்றம். "தமிழர் தலைவரே எம்முடன் இருக்கிறார்" என்று உலகுக்குக் காட்டும் வாய்ப்பே கைமாறியது. அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பு ஓர் அமைச்சரின் நாவைக் கட்டும்; அந்நாவே தோட்டத் தொழிலாளர்க்கு வேண்டியிருந்தது. தொழிற்சாலையின் பயன் ஒரு மக்களுக்கு. அதன் விலையைச் செலுத்தியோர் வேறு மக்கள். அவ்விலையைக் குறித்து அவர்களை எவரும் கேட்கவில்லை. 1953இல் ஸேர் ஜோன் கொத்தலாவலை அமைச்சரவை அமைத்தபோது பொன்னம்பலத்துக்கு அதில் இடமிருக்கவில்லை. பதவி இரவற்பொருளென்பது அன்று தெளிவாயிற்று.

பதவியை மறுப்பதே அறம் என்று இதனாற் கொள்ளல் தவறு. இருந்த இடத்திலேயே இருப்பது பல வேளைகளிற் சோம்பலும் அச்சமுமேயாம். ஆயினும் அழைப்புக் கடிதத்தைக் கையில் ஏந்துவோர், தமக்குக் கிடைப்பதை எண்ணுமுன் தருபவருக்குத் தம்மிடம் எது தேவை என்று கேட்டல் வேண்டும். நேற்றுவரை உரக்கச் சொன்ன எந்தச் சொல்லை நாளை விழுங்க நேரும்? அச்சொல்லை நம்பி வாழ்வோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை கூற நாணுவோர், "மக்களுக்காகவே செல்கிறேன்" என்று கூறாது செல்வதே நேர்மை.