பெருநாளைக்கு மட்டும் மினுங்கும் கார்கள்



நோன்புப் பெருநாளைக்கு ஒரு கிழமை இருக்கும்போது நம்ம பக்கத்துச் சேர்விஸ் ஸ்டேசன்களில் கார்கள் வரிசையாக நிற்கும். "கட் அன்ட் பொலிஷ் பண்ணி வெக்ஸ் அடிச்சுத் தாங்க" என்று ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருவோம். பெருநாளன்று முகம் பார்க்கலாம் போலக் கார் மினுங்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் அதே கார் மங்கிப் போய் நிற்கும். "அவன் நல்ல வெக்ஸ் அடிக்கல்ல" என்று குறை சொல்லிவிட்டு, அடுத்த தடவை வேறு இடத்துக்குப் போய் மறுபடியும் கட் அன்ட் பொலிஷ்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். பெரும்பாலான நேரங்களில் அந்த வெக்ஸ் அடித்த தம்பி மேல் பிழை இல்லை. மறுநாளிலிருந்து காரைத் துடைக்கிற முறையிலும் கழுவுகிற முறையிலும்தான் பிழை. வருடத்துக்கு இரண்டு தடவை செலவழிக்கிற காசை, இடையில் உள்ள மாதங்களில் நாமே கழுவி எறிகிறோம்.

இது அலங்கார விசயம் என்று சிலர் நினைக்கலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தும் என்ன, வரிகளோடு சேர்த்து விலையைப் பார்த்தால் மாதச் சம்பளக்காரருக்குப் புதுக் கார் எட்டாத தூரம். பத்துப் பதினைந்து வருடப் பழைய அல்டோ, வேகன் ஆர், விட்ஸ் இவைதான் நம்ம வாசலில் நிற்கின்றன. இன்னும் பல வருடம் நிற்கத்தான் வேண்டும். விற்கப் போனாலும், வாங்க வருகிறவர் என்ஜினைக் கேட்பதற்கு முன் பெயின்டைத்தான் பார்க்கிறார். மறு பெயின்ட் அடித்திருந்தால் "எங்கேயோ அடிபட்ட வாகனம்" என்ற சந்தேகம் வந்து விலை இறங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு படை இருக்கிறது. அதைத்தான் கிளியர் கோட் என்கிறோம். பெரும்பாலான கார்களில் அதன் தடிப்பு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன்தான். 1 மில்லிமீற்றரை 1000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். சாதாரணத் தலைமுடியை விட மெல்லியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட் பண்ணும்போது கீறலை மறைப்பதற்காக இந்தப் படையைத்தான் கொஞ்சம் உரசி எடுக்கிறார்கள். எடுத்தது திரும்ப வளராது. வெக்ஸ் அதற்கு மேலே பூசுகிற பாதுகாப்பு. இயற்கையான கார்னௌபா வெக்ஸ் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம், செயற்கை சீலன்ட் என்றால் நாலைந்து மாதம் தாக்குப்பிடிக்கும். நம்ம வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் அதிலும் குறையும். அதனால் கட் அன்ட் பொலிஷை அடிக்கடி செய்யாமல், இருக்கிற வெக்ஸைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

எப்படிக் காப்பாற்றுவது?

1. காய்ந்த துணியால் துடைக்காதீர்கள்.
காலையில் வேலைக்குப் போகிற அவசரத்தில் பழைய சாறன் துண்டால் தூசியைத் தட்டித் துடைப்பது நம்ம ஊர் வழக்கம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துத் தூசியில் கடற்கரை மணல் கலந்திருக்கும். வேளாண்மை வெட்டும் காலத்தில் பதரும் சேர்ந்துகொள்ளும். மணலை வைத்துத் தேய்ப்பதும் அரத்தாள் போடுவதும் ஒன்றுதான். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறதே, அது இப்படி வந்ததுதான். நேரமில்லாத நாளில் தூசி இருந்துவிட்டுப் போகட்டும். தூசி மேல் நைலோன் கவரைப் போட்டு இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்யும்.

2. கோப்பை கழுவுகிற திரவமும் சலவைத் தூளும் வேண்டாம்.
அவை எண்ணெய்ப் பசையை நீக்கத்தான் தயாரிக்கப்பட்டவை. வெக்ஸும் ஒருவகைப் பசைதானே, கழுவக் கழுவ அதையும் பலவீனமாக்கும். சிலர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள். அந்த மினுக்கம் எண்ணெயின் மினுக்கம். அடுத்த நாள் தூசி ஒட்டும், உள்ளே இருந்த வெக்ஸும் போய்விடும். கார் ஷெம்பூ ஒரு போத்தல் வாங்கினால், மூடியளவு ஊற்றினாலே ஒரு வாளிக்குப் போதும்.

3. இரண்டு வாளி வையுங்கள்.
ஒன்றில் ஷெம்பூத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்குங்கள். பிறகு துணியை ஷெம்பூவில் நனைத்துத் தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷெம்பூவில் நனையுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். டயருக்கும் ரிம்முக்கும் வேறு துணி, அதுவும் கடைசியில். பைப்பைத் திறந்து விட்டுக் கழுவுவதை விடத் தண்ணீரும் மிச்சம். பொனட்டில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. அதிகாலை அல்லது அஸருக்குப் பிறகு நல்ல நேரம்.

4. தானாகக் காய விடாதீர்கள்.
கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகளாகப் பிடித்துக்கொள்ளும். சுத்தமான மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியை வேறு உடுப்புகளோடு சேர்க்காமல் தனியே கழுவுங்கள். வாசத்துக்கு ஊற்றுகிற திரவம் போட்டால் துணியின் உறிஞ்சும் தன்மை குறையும்.

5. மாதம் ஒரு தடவை ஸ்ப்ரே வெக்ஸ்.
நம்மில் பலருக்குத் தெரியாத வேலை இதுதான். கழுவி உலர்த்திய பிறகு, கார் குளிர்ச்சியாக இருக்கும்போது, துணியில் இரண்டு தடவை ஸ்ப்ரே பண்ணி அரைப் பொனட்டைத் துடையுங்கள். உடனே துணியின் காய்ந்த பக்கத்தால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். பிறகு அடுத்த பகுதி. முழுக் காருக்கும் பதினைந்து, இருபது நிமிடம். அழுக்குக் காரில் இதைப் போடவே கூடாது. முன்கண்ணாடியிலும் படாமல் பாருங்கள், இரவு மழையில் எதிர் வாகன வெளிச்சம் மங்கலாகத் தெரியும். கீறலை இது மறைக்காது, முழு வெக்ஸுக்குப் பதிலாகவும் ஆகாது. இருக்கிற வெக்ஸ் கூடுதல் நாள் நிற்க உதவும். அவ்வளவுதான், அதுவே பெரிய உதவி.

6. காக்கை எச்சத்தை அன்றே எடுங்கள்.
நிழலுக்கென்று வேம்புக்கும் மாமரத்துக்கும் கீழே நிறுத்துகிறோம். எச்சமும் பாலும் வெயிலில் காய்ந்தால் வெக்ஸைத் தாண்டிக் கிளியர் கோட்டிலேயே தழும்பு விழும். சுரண்ட வேண்டாம். ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு, ஊறிய பிறகு ஒற்றி எடுங்கள். டிக்கியில் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு துணியும் இருந்தால் போதும்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்க சேர்?" என்று கேட்பவர்களுக்கு: கிழமைக்கு முக்கால் மணித்தியாலம். இரண்டு வாளி, நாலு துணி, ஒரு ஷெம்பூ, ஒரு ஸ்ப்ரே போத்தல், இவ்வளவும் ஒரு தடவை கட் அன்ட் பொலிஷுக்குக் கொடுக்கிற காசுக்குள் அடங்கிவிடும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு விழித்திருந்து படிக்கிற பிள்ளையை விட, தினமும் அரை மணித்தியாலம் படிக்கிற பிள்ளை நல்ல பெறுபேறு எடுக்கும். இதுவும் அதே கணக்குத்தான்.

சேர்விஸ் ஸ்டேசன் நடத்துகிற சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற எல்லாக் காருக்கும் கட் தேவையில்லை. "இதுக்கு வெக்ஸ் மட்டும் போதும் காக்கா" என்று நீங்கள் ஒரு தடவை உண்மையைச் சொன்னால், அந்த வாடிக்கையாளர் வேறு இடத்துக்குப் போக மாட்டார். கார் வைத்திருப்பவர்களும் கேளுங்கள். எந்தத் துணி, எந்த ஷெம்பூ, டயர் துடைத்த துணியைத்தான் பொனட்டுக்கும் போடுகிறீர்களா என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

உங்கள் காரில் வெக்ஸ் இருக்கிறதா என்று அறிய மெசின் தேவையில்லை. கழுவிய பொனட்டில் ஒரு கோப்பை சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் வெக்ஸ் இருக்கிறது, ஸ்ப்ரே போட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பாய் விரித்த மாதிரிப் பரவி நின்றால் வெக்ஸ் முடிந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு காசு செலவழிப்பதை யோசியுங்கள்.