பயோடேட்டாவில் எழுதாத திறமை

வேலைக்கான நேர்முகத் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன?" பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான். பலம், கடின உழைப்பு. பலவீனம், எதையும் அப்பழுக்கில்லாமல் செய்து முடிக்க நினைப்பது. அதாவது பலவீனமும் பலம்தான். மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் படித்த கைடைத்தான் அந்தப் பக்கம் இருப்பவரும் ஒரு காலத்தில் படித்திருப்பார். அதனால் இருவரும் சிரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

கேள்வியில் குற்றமில்லை, கேட்கப்படும் நேரம்தான் சரியில்லை. வேலை தேடக் கிளம்பும் முன்பே, சொல்லப்போனால் வேலையில் நன்றாக அமர்ந்திருக்கும்போதே, அவரவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது அது. "என்ன தெரியும்?" என்றால் "பி.காம்." என்கிறார்கள். "என்ன செய்கிறீர்கள்?" என்றால் "சீனியர் எக்ஸிக்யூட்டிவ்" என்கிறார்கள். முன்னது பட்டம், பின்னது பதவி. அந்த ஆளால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இரண்டிலும் விடை இல்லை.

இந்த மயக்கத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்று அறியத் தமிழர்கள் வெகுதூரம் போக வேண்டாம். கும்பகோணத்திலும் பாலக்காட்டிலும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், டைப்பில் லோயர், ஹையர் பாஸ் செய்து, பிட்மன் சுருக்கெழுத்தும் கற்று, பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிய தலைமுறைகள் எத்தனையோ. மாதுங்காவும் கரோல்பாகும் லேக் மார்க்கெட்டும் தமிழ்ப் பேட்டைகளாக ஆனதில் அவர்கள் பங்கு பெரிது. 1966-ல் சிவசேனை தொடங்கப்பட்டபோது அதன் முதல் கோபமே பம்பாய் அலுவலகங்களில் குமாஸ்தா, ஸ்டெனோ நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த தென்னிந்தியர்கள் மீதுதான்.

அந்த ஸ்டெனோ செய்த வேலை என்ன? டைப் அடிப்பது என்றுதான் ஊரில் சொல்வார்கள், அவரும் அப்படியே சொல்லிக்கொண்டார். நடந்தது வேறு. அதிகாரி அறைக்குள் நடந்துகொண்டே அரை வாக்கியம் சொல்வார். மீதியை முடிப்பது ஸ்டெனோ. கோபத்தில் சொன்ன வார்த்தையைக் கடிதத்தில் மென்மையாக்குவது ஸ்டெனோ. 3 வருடத்துக்கு முன் இதே ஆசாமிக்கு என்ன எழுதினோம் என்பது எந்த ஃபைலில் இருக்கிறது, எந்தத் தாளை யார் பார்வைக்கு முதலில் வைக்க வேண்டும், எதை ஒருநாள் தாமதப்படுத்தினால் நல்லது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விரல் வேகம் இவற்றில் ஒன்று மட்டுமே. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஸ்டெனோகிராபர் டி பிரிவுத் தேர்வின் கணக்கே இதைச் சொல்லும். நிமிடத்துக்கு 80 சொல் வேகத்தில் டிக்டேஷன் 10 நிமிடம். ஆங்கிலத்தில் அதை விரித்து எழுதித் தர 50 நிமிடம். சுருக்கெழுத்துக் கோடுகளைப் பொருள் உள்ள வாக்கியமாக்குவதற்குத்தான் அத்தனை நேரம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதிகாரிகள் தங்கள் கடிதத்தைத் தாங்களே தட்டிக்கொள்ளப் பழகினார்கள். 1955-ல் முதல் இந்திய டைப்ரைட்டரைத் தயாரித்த கோத்ரெஜ் 2009-ல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. தன்னை டைப்பிஸ்ட் என்று நினைத்திருந்தவருக்கு, இயந்திரத்தோடு தானும் போய்விட்டதாகத் தோன்றியதில் வியப்பில்லை. வரைவு எழுதுவதும் அலுவலகத்தின் நினைவாக இருப்பதும்தான் தன் தொழில் என்று கண்டுகொண்டவருக்கோ கீபோர்டு மாறியது மட்டும்தான் செய்தி. நிர்வாக உதவியாளர், அலுவலக மேலாளர், கம்பெனி செயலாளரின் வலது கை என்று அவர் போவதற்கு வழி இருந்தது. இருவரும் ஒரே இன்ஸ்டிடியூட்டில், ஒரே ரெமிங்டனில் பழகியவர்களாகவும் இருக்கலாம். தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொண்ட ஒரு வரிதான் வித்தியாசம்.

2000-01ல் பொதுத்துறை வங்கிகளில் சுமார் 1 லட்சம் பேர் விருப்ப ஓய்வில் போனபோதும் இதே கதைதான். சமீபத்திய உதாரணம் தொலைபேசித் துறை. 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த சீரமைப்புத் திட்டத்தின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. பி.எஸ்.என்.எல்.லில் 78,000-க்கும் மேற்பட்டோர், எம்.டி.என்.எல்.லில் 14,000-க்கும் மேற்பட்டோர் 2020 ஜனவரி 31 அன்று வீட்டுக்குப் போனார்கள். 2 மாதம் முடிவதற்குள் கொரோனா ஊரடங்கு.

அவர்களில் கேபிள் ஜாயின்டர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தரைக்கடியில் நூற்றுக்கணக்கான ஜோடிச் செம்புக் கம்பிகள். மழைநாளில் எங்கோ ஓரிடத்தில் ஈரம் இறங்கி 40 வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிடும். பாதையைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, பழுது இந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில்தான் என்று நெருங்கி, பள்ளம் தோண்டச் சொல்லும் இடத்தை அவர் காட்டுவார். இதற்கிடையில் தெருவில் நின்று கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்தவும் வேண்டும். செம்புக் கம்பி இணைப்புக்கு இன்று சந்தை சுருங்கிவிட்டது. பழுதைத் தர்க்கப்படி தேடுவதற்கும், ஒரு பேட்டையின் நிலவறிவுக்கும், கோபமான வாடிக்கையாளரிடம் பேசுவதற்கும் சந்தை போய்விடவில்லை. கண்ணாடி இழைக் கேபிள் பதிக்கும் ஒப்பந்தக்காரருக்கு மூன்றும் தேவை. ஆனால் பயோடேட்டாவில் "30 வருட அனுபவம், டெலிகாம் டெக்னீஷியன்" என்று மட்டும் எழுதினால் மூன்றில் ஒன்றும் தெரியாது.

ஏன் எழுதுவதில்லை? அடக்கம் ஒரு காரணம் என்பார்கள். உண்மையான காரணம் வேறு. ஒருவருக்கு எது இயல்பாகக் கைவருகிறதோ அதை அவர் திறமை என்றே கருதுவதில்லை. பாடுபட்டுக் கற்றதுதான் திறமை, பாடுபடாமல் வருவது சும்மா என்பது நம் வளர்ப்பு. அதோடு பிடித்தது வேறு, வருவது வேறு. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-ல் முன்வைத்த ஆறு வகை ஆளுமைப் பகுப்பைத் தழுவிய தேர்வுகள் இன்று பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கும் நடத்தப்படுகின்றன. அவை பெரும்பாலும் அளப்பது ஆர்வத்தை. பையனுக்கு வரைய ஆர்வம் என்று அதில் வந்தால், அவன் நன்றாக வரைகிறான் என்று பெற்றோர் படித்துக்கொள்கிறார்கள்.

இயல்பாக வருவதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பக்கத்து மேஜைக்காரர் எதற்காக எழுந்து வருகிறார் என்று கவனிப்பது. ஒருவரிடம் கணக்கு இடிக்கும்போது வருகிறார்கள். இன்னொருவரிடம், மேலதிகாரியிடம் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று கேட்க வருகிறார்கள். மூன்றாமவரிடம் யாரும் எதற்கும் வருவதில்லை, ஆனால் அவர் விடுப்பில் போன அன்று அலுவலகம் தடுமாறுகிறது. இந்த வருகைகளை ஒரு மாதம் குறித்து வைத்தால் எந்தக் கேள்வித்தாளும் தராத விடை கிடைக்கும்.

நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இன்னொரு வழி சொன்னார். முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை எழுதி வைக்க வேண்டும். 9 அல்லது 12 மாதம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் எங்கே கணிப்பு பலிக்கிறது, எங்கே திரும்பத் திரும்பச் சறுக்குகிறது என்று தெரிந்துவிடும். கட்டணம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலை. சறுக்கும் இடத்தை நிமிர்த்த ஆயுளைச் செலவழிப்பதைவிட, பலிக்கும் இடத்தை இன்னும் கூர்மையாக்குவதே லாபம் என்பது டிரக்கரின் கட்சி. முழுவதும் ஏற்க முடியாது. கணக்காளருக்குக் கூட்டத்தில் பேச வராவிட்டால் பரவாயில்லை. பேசிப் பேசிப் பொருள் விற்கும் பிரதிநிதிக்கு மாதாந்திர அறிக்கை எழுத வராவிட்டால் பதவி உயர்வு நிற்கும்.

இந்தப் புத்தகங்களில் ஒரு குறையும் உண்டு. தொழில் வழிகாட்டலின் முன்னோடியான ஃபிராங்க் பார்சன்ஸின் நூல் பாஸ்டனில் 1909-ல் வந்தது. உன்னை அறி, வேலையை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வகுத்த முறை. பொருத்திப் பார்க்கப் பல வேலைகள் முன்னால் இருக்கின்றன என்பது அதன் அனுமானம். இங்கே அப்பாவின் கடன், தங்கையின் கல்யாணம், கல்லூரிக் கட்டணம், ஊரில் இருக்கும் ஒரே தொழிற்சாலை என்ற நான்கும் சேர்ந்துதான் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்காக அந்த இளைஞனைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் கிடைத்த வேலைக்குள்ளேயே எந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்பது, எந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பது, 5 வருடம் கழித்து எந்தப் பக்கம் திரும்புவது என்பவை அவன் கையில் இருக்கின்றன. பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் வாய்ப்பைக் கைவிடுகிறார்கள்.

தேர்வு இன்னும் குறுகலாக இருப்பது பெண்களுக்கு. 1992-ல் நபார்டு வங்கி சோதனை முயற்சியாகத் தொடங்கிய சுய உதவிக் குழு - வங்கி இணைப்புத் திட்டம் நாடு முழுவதும் பரவிவிட்டது. குழுவின் பொருளாளராக இருக்கும் பெண் வாராவாரம் சேமிப்பு வசூலிக்கிறார், கடன் கேட்பவரின் நிலையை எடைபோடுகிறார், தவணை தவறியவரிடம் உறவு கெடாமல் பேசிப் பணம் வாங்குகிறார், பதிவேடு எழுதி வங்கி மேலாளரைச் சந்திக்கிறார். சிறுகடன் நிறுவனம் இதே வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறது. ஆனால் எந்த விண்ணப்பத்திலும் 'தொழில்' என்ற கட்டத்தில் அந்தப் பெண் எழுதுவது "இல்லத்தரசி". அதற்குக் கீழே, எத்தனை உறுப்பினர், எத்தனை வருடம், எவ்வளவு கடன் கைமாறியது என்று மூன்று வரி சேர்த்தால் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். பெரிய வார்த்தைகள் வேண்டாம்.

எப்படி எழுதுவது என்று தெரியாதவர்களுக்கு அரசிடமே ஒரு பயனுள்ள ஆவணம் இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாமல். தேசியத் தொழில் வகைப்பாடு என்பது பெயர். அதன் 2015 பதிப்பில் சுமார் 3,600 தொழில்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அந்தத் தொழிலாளி என்னென்ன செய்கிறார் என்று வினைச்சொற்களாகவே விவரிக்கப்பட்டிருக்கும். தான் செய்யும் வேலையையும், அதற்குப் பக்கத்தில் உள்ள நான்கைந்து வேலைகளையும் எடுத்துப் படித்து, தனக்குத் தெரிந்த வினைகளை அடிக்கோடிட்டால் போதும். எந்தப் பக்கத்து வேலைக்கு எவ்வளவு தூரம் என்று புரிந்துவிடும்.

பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் வேலையிலேயே கற்றவர்களுக்கு, 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்கற்றலை அங்கீகரிக்கும் பிரிவு சேர்க்கப்பட்டது. குறுகிய பயிற்சி, பிறகு மதிப்பீடு, பிறகு சான்றிதழ். கொத்தனாரும் தையல்காரரும் பிளம்பரும் அதில் பயன்பெறலாம். சான்றிதழைக் காட்டியதும் கூலி ஏறிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. முதலாளி பார்ப்பது கைவேலையை. பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தப் பணிக்கோ வெளிநாட்டு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். ஆகவே எந்த வேலைக்குப் போகப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு, அந்தப் பிரிவின் மதிப்பீட்டுக்கே பெயர் கொடுப்பது நல்லது.