தனவந்தரும் தேர்தலும்

பெரு வியாபாரத்தில் வென்றவர் ராஜ்ய நிர்வாகத்திலும் வெல்வார் என்னும் எண்ணம் நம்மவரிடையே பரவி வருகிறது. ஸ்ரீ நந்தன் நீலேகணியின் சரித்திரம் இதற்குத் தக்க பரீட்சையாகும்.

1981-ல் இன்போஸிஸ் கம்பெனியை ஸ்தாபித்த எழுவரில் அவர் ஒருவர். 2002 முதல் 2007 வரை அதன் தலைமை நிர்வாகி. 2009-ல் மத்திய சர்க்கார் கேபினட் மந்திரி அந்தஸ்துடன் அவரை ஆதார் ஸ்தாபனத்தின் தலைவராக்கிற்று. 2014-ல் காங்கிரஸ் அபேட்சகராகப் பெங்களூர் தெற்குத் தொகுதியில் நின்று, ஸ்ரீ அனந்தகுமாரிடம் 2 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். 2017-ல் தம் செல்வத்தில் பாதியைத் தர்மத்துக்கு அளிப்பதாக உறுதி கூறினார். 2023-ல் தாம் கற்ற பம்பாய் ஐ.ஐ.டி.க்கு 315 கோடி ரூபாய் வழங்கினார்.

அவருடைய திறமையையோ வள்ளன்மையையோ நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. ஒரு வாக்கேனும் கேட்பதற்கு முன்னரே, கோடிக்கணக்கான ஜனங்களுக்கு எண் இடும் அதிகாரம் அவர் கைக்கு வந்துவிட்டது. அதற்கெனப் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறியதோ 2016-ல்தான். 2018-ல் சுப்ரீம் கோர்ட் ஆதாரைப் பொதுவில் ஏற்ற போதிலும், தனியார் கம்பெனிகள் அதைக் கோர இடமளித்த பகுதியை ரத்துச் செய்தது.

ஜலகண்டாபுரத்து நெசவாளியின் தேய்ந்த விரல் ரேகையை ரேஷன் கடை இயந்திரம் ஏற்க மறுத்தால், அவர் யாரிடம் முறையிடுவார்? தர்மவானிடம் யாசிக்கலாம்; கணக்குக் கேட்க இயலாது. பிரதிநிதியிடம் கணக்குக் கேட்கலாம். அடுத்த தேர்தலில் அகற்றவும் செய்யலாம். ஆகவே, தோற்ற போதிலும், தேர்தலில் நின்றதே ஸ்ரீ நீலேகணி ஜனநாயகத்துக்குச் செய்த மரியாதை என்போம். செல்வர்கள் அரசியலுக்குத் தாராளமாக வரட்டும். ஜனங்களின் வாசல் வழியே வரட்டும்.