கடலுக்குப் போனால் வீணா?

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்ததும் தொலைக்காட்சித் திரையின் அடியில் அந்த வரி ஓடத் தொடங்கிவிடும்: "இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது." செஞ்சி கூட்டு ரோட்டில் மைக் பிடிக்கிறவர்களுக்கும் அதுதான் பேச்சின் உச்சம். இதில் கட்சி வேறுபாடு கிடையாது. நம் ஊரில் எல்லாக் கட்சியும் ஒரே குரலில் சொல்கிற விஷயங்கள் மிகக் குறைவு. அப்படி ஒன்று சிக்கினால் அதைச் சந்தேகப்படுவது நல்லது. சமீபத்தில் ஒரு பேச்சாளர் இன்னும் ஒரு படி ஏறி, "ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போகக் கூடாது" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கைதட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்த வாரம்தான் வெள்ளம் வடிந்திருந்தது.

இவர்கள் சொல்வது மூன்று நான்கு விஷயம்தான். ஆறு முழுக்க அணை கட்டு. முன்னோர் அப்படித்தான் செய்தார்கள். இஸ்ரேலைப் பார். கடலுக்கு எதற்குத் தண்ணீர்?

இஸ்ரேலை முதலில் முடித்துவிடலாம். யோர்தான் ஆற்றைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாம் மடக்கிக்கொண்டதில் சாக்கடலின் மட்டம் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தையும் மேடையில் காட்டலாமே.

அடுத்து அணை. செஞ்சிக்கு மேற்கே மலைகளில் பிறந்து, ஊரை ஒட்டி ஓடி, புதுச்சேரிக்குத் தெற்கே கடலைச் சேர்கிற சங்கராபரணி மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர்தான். வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் பெயர் உண்டு. தொண்டியாறு அதோடு சேர்கிற இடத்தில், காமராசர் முதல்வராக இருந்தபோது, வீடூர் அணை கட்டினார்கள். 1959இல் முடிந்தது. உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி, அதாவது அரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். பாசனம் 3,200 ஏக்கர். அதில் ஆயிரம் ஏக்கர் புதுச்சேரிக்கு. நல்ல அணைதான், அதில் எனக்கு வழக்கில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. வீடூருக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. ஒரு சதுர கிலோமீட்டரில் 51 சென்டிமீட்டர் பெய்தால் ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் கன மீட்டர் தண்ணீர். வீடூரின் கொள்ளளவு ஒரு கோடியே எழுபத்தொரு லட்சம் கன மீட்டர். வகுத்துப் பாருங்கள்: 34 சதுர கிலோமீட்டரில் விழுந்த மழை போதும், காலி அணை நிரம்பிவிடும். பாதி மண்ணில் ஊறிப்போனது என்று வைத்தாலும் 68 சதுர கிலோமீட்டர்தான். செஞ்சி வட்டம் மட்டுமே அதைப் போலப் பல மடங்கு. அன்றைக்கு மதகைத் திறந்துவிட்டார்கள். வெள்ளம் புதுச்சேரியின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. "ஒரு சொட்டுகூட" என்றவர் அன்று அணையின் பொறியாளராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். மதகை மூடியே வைத்திருந்தால் கரை உடைந்து மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாகக் கடலுக்குப் போயிருக்கும், போகிற வழியில் ஊர்களையும் சேர்த்துக்கொண்டு.

பெரிய அணையாகக் கட்டுவோம் என்பார்கள். அந்த ஒரு நாளுக்காகக் கட்டினால் மற்ற ஆண்டுகளில் அதற்குள் கிரிக்கெட் ஆடலாம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு பொய்த்தது. இரண்டும் ஒரே வானம். பூமியின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒரு நாளில் கொட்டுகிற பெருமழை சுமார் 7 விழுக்காடு வலுக்கும் என்று 2021இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு எழுதிவைத்திருக்கிறது. இனி மழை நிதானமாகப் பெய்யாது. வந்தால் ஒரேயடியாக வரும். அதை ஆற்றின் குறுக்கே சுவர் வைத்துப் பிடிக்கப் போகிறார்களாம்.

தடுப்பணைகளின் கதையும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. தென்பெண்ணையில் தளவானூர் தடுப்பணையைச் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டி 2020இல் திறந்தார்கள். 2021 ஜனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் போயிற்று. வேறு பேச்சு வேண்டாம்.

இனி முன்னோர். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் பேச்சாளர்கள் அத்தனை பேரும் தவறாமல் இங்கேதான் வந்து வசமாக மாட்டிக்கொள்கிறார்கள். "கரிகாலன் கல்லணை கட்டினானே!" கட்டினான். அதில் தண்ணீர் தேக்குவதில்லை, ஐயா. காவிரியை வயலுக்குத் திருப்பிவிட்டு, வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் தள்ளி, கடலுக்கு அனுப்பி வைக்கிற ஏற்பாடு அது. கடலுக்குப் போகிற வழியைத் திறந்து வைத்ததால்தான் தஞ்சாவூர் மிதக்காமல் இருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எந்த ஊர் ஏரிக்கரையிலும் நடந்து பாருங்கள். மதகு ஒரு பக்கம், அது வயலுக்கு. இன்னொரு பக்கம் கரை தணிந்து, கல் பாவி இருக்கும், அதுதான் கலிங்கு. பழைய கலிங்கில் வரிசையாகக் கற்கள் பல் போல நட்டு நிற்கும். மழைக்காலம் முழுக்க அந்த இடுக்குகளைத் திறந்தே விட்டிருப்பார்கள், வெள்ளம் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகட்டும் என்று. பருவம் முடிந்து, இனிப் பெருமழை வராது என்று தெரிந்த பிறகுதான் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்து, கடைசி ஓர் அடி தண்ணீரைப் பிடிப்பார்கள். அவசரப்பட்டு முன்னாலேயே அடைத்தால் கரை போய்விடும் என்று, ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற, படிக்காத நீர்க்கட்டிக்குத் தெரிந்திருந்தது. ஏரிக்கு ஏரி வழிந்து, கடைசி ஏரி ஆற்றில் வழிந்து, ஆறு கடலில் வழிந்தது. தண்ணீரை நிறுத்துவதற்குச் சமமாக அனுப்பி வைப்பதற்கும் யோசித்த கட்டுமானம் இது.

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்களும் அப்படித்தான். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் வெறும் பாறை; பெய்தது பெய்தபடி உருண்டு இறங்கும். மேலே சுனை, கீழே ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரகுளம் என்று மழை விழுந்த இடத்துக்கு அருகிலேயே வாங்கி வைத்தார்கள். 2025 ஜூலையில் செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் ஊரே மதிலைப் பார்த்துப் பெருமைப்பட்டது. குளங்களைப் பார்த்துப் பேசிய ஒருவரையும் நான் கேட்கவில்லை.

கடலுக்கு எதற்குத் தண்ணீர் என்பது கடைசிக் கேள்வி. விலாங்கைக் கேட்கலாம். நம் ஏரியிலும் கிணற்றிலும் வளர்கிற விலாங்கு முட்டையிடுவது கடலில். கண்ணாடி போன்ற அதன் குஞ்சு கரைக்கு வந்து, நன்னீரின் வாடை பிடித்துத்தான் ஆற்றில் ஏறுகிறது. கொடுவாயும் இப்படி இரண்டு வீட்டுக்காரன். முகத்துவாரத்து இறால், மடவை எல்லாம் ஆறு வருகிற நாளை நம்பி இருப்பவை. ஆறு வராமல் நின்றால், நாம் நிலத்தடியில் உறிஞ்சுகிற வேகத்துக்குக் கடல் உள்ளே வரும். மீஞ்சூர் விவசாயிகளுக்கு அது 1960களிலேயே தெரியும், புதுச்சேரிக் கடலோரத்துக்கு இப்போது தெரிகிறது. ரோமானியரோடு வணிகம் செய்த அரிக்கமேடு இருப்பது இந்தச் செஞ்சி ஆற்றின் ஒரு வாயில். "வீணாக" ஓடிய தண்ணீர் ஒரு துறைமுகத்தையே வைத்திருந்தது.

லெராய் போஃப் என்ற அமெரிக்க நன்னீர்ச் சூழலியலாளரும் ஏழு பேரும் சேர்ந்து 1997இல் எழுதிய கட்டுரை ஒன்றை உலகமெங்கும் ஆற்றைப் படிப்பவர்கள் இன்றும் எடுத்துவைத்துப் பேசுகிறார்கள். ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை தடவை, எந்தப் பருவத்தில், எத்தனை நாள், எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்றும் கேளுங்கள் என்கிறது அது. வெள்ளமே வராத ஆற்றில் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நம் ஆற்று மணலில் வேலிக்காத்தான் காடாக நிற்பது எதனால்? பிடுங்கிப் போக வெள்ளம் வருவதில்லை. தடுப்பணைக்கு மேல் தேங்கிய குட்டையில் ஆகாயத்தாமரை.

"சரி, ஆற்றை மீட்போம்" என்று இப்போது புதிதாக ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. இரு கரையிலும் கான்கிரீட் சுவர், மேலே நடைபாதை, மின்விளக்கு. அமெரிக்காவில் மார்கரெட் பாமர் போன்ற சூழலியலாளர்கள் 37,000க்கு மேற்பட்ட ஆற்று மீட்புப் பணிகளைத் தொகுத்து 2005இல் பார்த்தபோது, செய்த வேலையால் பலன் உண்டா என்று கண்காணித்ததற்கான குறிப்பே பத்தில் ஒன்றில்தான் இருந்தது. அங்கே கணக்கெடுக்கவாவது ஆள் இருந்தது.

தண்ணீரைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிடிக்கிற இடம் ஏரி, ஆறு அல்ல. கீரனூரிலிருந்து பனமலை ஏரி வரை போக வேண்டிய நந்தன் கால்வாயைப் பற்றிச் செஞ்சியில் பேசாத வேட்பாளர் உண்டா? பேசிய அளவுக்குத் தண்ணீர் ஓடியிருந்தால் இந்நேரம் முப்போகம் விளைந்திருக்கும்.

செஞ்சிப் பக்கத்து வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள். ஏரிக்கு வரத்து வாய்க்கால் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மலையடியிலிருந்து ஏரி வரை ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது யாருடைய காம்பவுண்டு சுவர் நிற்கிறது என்பதை எழுதி, அடுத்த கிராமசபையில் பெயரோடு படியுங்கள்.